முட்டைக்குள் எலி

ஹாலிஃபாக்ஸ்
ஜனவரி 29

டாக்டர் ஹலினா ப்ரோகோபியுக் அவர்களுக்கு,

நமக்கிடையே உள்ள உடன்படிக்கையின்படி, இந்தக் கடிதத்தைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, நம் தகராறைக் கவனிக்கும் இணக்கக் குழுவுக்கு ஒரு நகலும் வைத்து, மறுநாளே சேரும் கூரியரில் அனுப்புகிறேன். தொலைபேசி, மின்னஞ்சல், நேர்ச் சந்திப்பு மூன்றும் ஆகஸ்ட் மாதம் வரை நமக்கு விலக்கப்பட்டவை என்பதை மறக்கவில்லை. மீறினால் உங்கள் புகார் மறுபடி விசாரணைக்கு வரும், என் ஆய்வகத்துக்குப் பூட்டு விழும் என்பதையும் மறக்கவில்லை. நம் மணவிலக்கின்போதுகூட நம்மை யாரும் இத்தனை ஒழுங்காகப் பிரித்து வைக்கவில்லை.

விஷயம் இதுதான். என் தம்பி வெண்டெலுக்குப் புற்றுநோய். தொடைச் சதையில் தொடங்கியிருக்கிறது. பனி வாரும் லாரியில் கிளட்ச் மிதிக்கும் கால் என்பதால், வலிக்கு வேலைதான் காரணம் என்று ஒரு குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். தொடையில் இருக்கும் கட்டியை அடுத்த வாரம் அறுத்து எடுக்கிறார்கள். நுரையீரலுக்குப் போயிருப்பதை எடுக்க முடியாது. அதற்கு மருந்துதான்.

அவனைப் பார்க்கும் டாக்டர் தெரியோவின் கையில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று, கட்டியைத் தேடி வரும் இரத்தக்குழாய்களை வரவிடாமல் செய்து கட்டியைப் பட்டினி போடுவது. மாத்திரை, தாங்கிக்கொள்ளலாம். மற்றது பழைய கீமோ. ஆளை உலுக்கி எடுத்துவிடும். இந்த வகைக் கட்டி எதற்கு மசியும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்கிறார் அந்த அம்மாள். தவறான மருந்தில் இரண்டு மாதம் வீணானால், சரியான மருந்தைத் தாங்கும் தெம்பு வெண்டெலிடம் மிச்சமிருக்காது என்றும் சொன்னார்.

அவன் கட்டியை என் எலிகளுக்குள் வளர்த்துக் கேட்டால் பதில் வரக் கோடை ஆகிவிடும். வெண்டெலின் நோய்க்கு அவ்வளவு பொறுமை இல்லை. உங்கள் முட்டைகள் ஒரு வாரத்தில் பதில் சொல்லும் என்று மான்ட்ரியல் மாநாட்டில் நீங்கள் பேசியதாக நினைவு.

லார்ன் ஹாஸ்கெட்
நகல்: இணக்கக் குழு


சாஸ்கட்டூன்
பிப்ரவரி 1

டாக்டர் ஹாஸ்கெட்,

மான்ட்ரியலில் நான் பேசியது உங்களுக்கு நினைவிருக்கிறது. சந்தோஷம். நீங்கள் பேசியது எனக்கும் நினைவிருக்கிறது. அரங்கு நிறைந்த கூட்டத்தில் ஒலிவாங்கியைக் கையில் வாங்கி, "இந்தக் கட்டிகளை ஆம்லெட்டா பரிமாறுவீங்களா, இல்ல அவிச்சா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் நிதிக்குழுவிலும் இருந்தார்கள். அந்த ஆண்டுப் பணம் எலிகளுக்குப் போனது. நான் புகார் எழுதினேன். நாம் இப்போது காகிதத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வெண்டெலுக்காகச் செய்கிறேன். உங்கள் குடும்பத்தில் என் முட்டைக்கோஸ் உருண்டையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

எலிக்காரர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்பதால் சொல்கிறேன். முட்டை ஓட்டின் உட்புறம், கருவைச் சுற்றி ஒரு சவ்வு வளர்கிறது. அதில் நரம்பு இல்லை, வலியும் இல்லை. இரத்தக்குழாய்கள் மட்டும் ஏராளம். வேற்று உடம்பின் கட்டியை எதிர்க்கும் திறமை அந்த வயதில் கருவுக்கு வந்திருக்காது. ஓட்டில் ஒரு சன்னல் வெட்டி, சவ்வின்மேல் கட்டித் துண்டை வைத்தால் அது தன் வீடு என்று எண்ணி வளரும். எங்கள் பல்கலைக்கழக விதிப்படி, பொரித்து வெளியே வந்த பிறகுதான் அது விலங்கு. பொரிக்காதவரை யாருடைய அனுமதியும் தேவையில்லை. பொரிப்பதற்கு முன் நாங்கள் முடித்துவிடுவோம்.

நிபந்தனை ஒன்றுதான். துண்டு வெறும் உப்புக் கரைசலில் வரவேண்டும். குளிர வைத்து, உறையவிடாமல். வேறு எதையும் அதில் சேர்க்கக் கூடாது. சத்து, மருந்து, நல்லெண்ணம், எதையும்.

ஹ. ப்ரோகோபியுக்
நகல்: இணக்கக் குழு


ஹாலிஃபாக்ஸ்
பிப்ரவரி 6

டாக்டர் ப்ரோகோபியுக் அவர்களுக்கு,

அறுவை முடிந்தது. துண்டு மதிய விமானத்தில் கிளம்பியிருக்கிறது. நீங்கள் சொன்னபடியே கட்டி அனுப்பியிருக்கிறேன். டொராண்டோவில் புயல் என்று கேள்விப்பட்டேன். பெட்டி ஓர் இரவு அங்கே தங்க நேரிடலாம். அதை நினைத்துத்தான் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.

வெண்டெல் மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, அவனுடைய தடத்தில் பனி வாரப் போனது யார் என்பது. இரண்டாவது உங்களைப் பற்றி. "என் கட்டிய கோழிக்குஞ்சுக்கு ஒட்டப் போறீங்களாமே? பாவம், அதுக்கு லைசென்ஸ்கூட இல்லண்ணே." பிறகு, "அண்ணிகிட்ட சொல்லு, என் பேரு போட்ட முட்டைய யாரும் மறந்தாப்ல வறுத்துடப் போறாங்க." முன்னாள் அண்ணி என்று திருத்தினேன். "உனக்குத்தான் முன்னாள்," என்றான்.

மாத்திரையாகவே அமைந்துவிட்டால் தேவலை என்று அவன் நினைக்கிறான். வாய்விட்டுச் சொல்லவில்லை. கீமோ எடுத்த தன் சக ஓட்டுநர் ஒருவரைப் பற்றி மட்டும் என்னிடம் இரண்டு முறை விசாரித்தான்.

லார்ன் ஹாஸ்கெட்
நகல்: இணக்கக் குழு


சாஸ்கட்டூன்
பிப்ரவரி 9

டாக்டர் ஹாஸ்கெட்,

பெட்டி டொராண்டோவில் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தது. நேற்றே துண்டுகளை வெட்டி முட்டைகளில் வைத்துவிட்டோம். ஓட்டின்மேல் பென்சிலால் 'வெ' என்று எழுதியிருக்கிறோம். மை உள்ளே இறங்கும், பென்சில் இறங்காது. வறுக்கப்பட மாட்டான் என்று அவனிடம் சொல்லுங்கள்.

முட்டைகள் மூன்று கூட்டம். ஒன்றுக்கு மாத்திரை மருந்து, ஒன்றுக்குப் பழைய கீமோ, ஒன்றுக்குத் தண்ணீர். சொட்டு விடுவது என் உதவியாளர் ப்ரென்னா. அளப்பது நான். எந்த முட்டைக்கு எது விழுந்தது என்று அளந்து முடிக்கும்வரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் எனக்கும் ஆசை வந்துவிடும்.

ஒரு விஷயம். இத்தனை அலைச்சலுக்குப் பிறகு வந்த துண்டுகள் ஏறக்குறைய எல்லா முட்டைகளிலும் பிடித்துக்கொண்டன. இந்த வகைக் கட்டி இவ்வளவு சமர்த்தாக நடந்துகொள்வதை நான் பார்த்ததில்லை.

ஹ. ப்ரோகோபியுக்
நகல்: இணக்கக் குழு


சாஸ்கட்டூன்
பிப்ரவரி 17

டாக்டர் ஹாஸ்கெட்,

முடிவு வந்துவிட்டது. தண்ணீர் விட்ட முட்டைகளில் கட்டி பெருத்து, சுற்றிலும் இரத்தக்குழாய்கள் அடர்ந்திருக்கின்றன. பழைய கீமோ விட்டவற்றில் அளவு அதிகம் குறையவில்லை. மாத்திரை மருந்து விட்டவற்றில் இரத்தக்குழாய்கள் வரவே இல்லை. கட்டி அப்படியே நின்றுவிட்டது.

இப்படி ஓர் ஐயத்துக்கும் இடமில்லாத முடிவு என் மேசைக்கு அடிக்கடி வருவதில்லை. திசுக்களை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பது இன்னும் பாக்கி. அதைப் பார்த்தபிறகு உறுதியாக எழுதுகிறேன். ஆனால் டாக்டர் தெரியோ காத்திருக்கிறார் என்பதால் இதை இப்போதே அனுப்புகிறேன்.

ஹ. ப்ரோகோபியுக்
நகல்: இணக்கக் குழு


ஹாலிஃபாக்ஸ்
பிப்ரவரி 19

டாக்டர் ப்ரோகோபியுக் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மருத்துவமனை வராந்தாவில் நின்றே படித்து, அப்படியே டாக்டர் தெரியோவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். அடுத்த வியாழக்கிழமை மாத்திரையைத் தொடங்கலாம் என்றார். அதோடு, முட்டையைப் பற்றி இவ்வளவு நாள் தன்னிடம் யாரும் ஏன் சொல்லவில்லை என்று என்னிடமே கேட்டார். எலிகள் சார்பில் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெண்டெல் செய்தியைக் கேட்டதும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே, "அப்ப முடி கொட்டாது," என்றான். அவனுக்கு முடி ஏற்கெனவே அதிகமில்லை. இருந்தாலும் நான் ஆமாம் என்றேன்.

மான்ட்ரியலில் நான் கேட்டது நகைச்சுவையாகக்கூட உயர்ந்த தரமல்ல என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். இணக்கக் குழு இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

லார்ன் ஹாஸ்கெட்
நகல்: இணக்கக் குழு


சாஸ்கட்டூன்
பிப்ரவரி 22

லார்ன்,

நிறுத்துங்கள். வியாழக்கிழமை மாத்திரை கொடுக்கக் கூடாது. டாக்டர் தெரியோ நம் உடன்படிக்கையில் இல்லை. அவரைத் தொலைபேசியில் பிடித்துச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். காரணம் ஹாலிஃபாக்ஸில் இருக்கிறது என்றேன்.

இன்று காலை சீவல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு முட்டை. அதில் கட்டித் துண்டு எப்போதோ நழுவி விழுந்திருக்கிறது. சவ்வின்மேல் கட்டியின் செல் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி போன்ற ஒரு கூழ்த் திட்டு மட்டும் இருந்தது. அந்தத் திட்டை நோக்கி, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப் போல நாலாபக்கமிருந்தும் இரத்தக்குழாய்கள் வந்து நின்றன. ப்ரென்னா கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ஹலினா, கட்டி எந்திரிச்சுப் போயிருச்சு. ஆனா ரத்தக்குழாயெல்லாம் இன்னும் வரிசையில நிக்குது. யாருக்காக நிக்குது?"

அதைத்தான் நானும் கேட்கிறேன். மற்ற முட்டைகளைத் திரும்பப் பார்த்தோம். எல்லாத் துண்டுகளையும் சுற்றி அதே கூழ். நாங்கள் வைக்கவில்லை.

பெட்டியில் என்ன போட்டீர்கள்?

ஹ.
நகல்: இணக்கக் குழு


ஹாலிஃபாக்ஸ்
பிப்ரவரி 23

டாக்டர் ப்ரோகோபியுக் அவர்களுக்கு,

முதலில் பின்னணியை விளக்கிவிடுகிறேன். எந்தத் திசுவும் உடம்பைவிட்டு வந்ததும் தனக்குப் பழக்கமான பிடிமானத்தை இழக்கிறது. இது எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. எலிக்குள் ஒரு கட்டித் துண்டை வைக்கும் எவரும் அதற்கு முன்பு ஜெல்லில் நனைப்பார்கள். குளிரில் தண்ணீர் போல இருக்கும், உடம்பின் சூட்டில் இறுகும், துண்டைத் தாங்கிக்கொள்ளும். என் ஆய்வகத்தில் நனைக்காமல் வைப்பவரைக் கையைக் கழுவாமல் சமைப்பவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்போம். இருபது ஆண்டுப் பழக்கம்.

ஆனால் பழக்கத்தால் செய்தேன் என்று எழுதினால் அது பொய். பெட்டியை மூடும்போது கை நின்றது. உங்கள் நிபந்தனை நினைவுக்கு வந்தது. அப்போதுதான் வானொலியில் டொராண்டோ புயலைப் பற்றிச் சொன்னார்கள். வெறும் உப்புத் தண்ணீரில் ஓர் இரவு கிடந்த துண்டு முட்டையில் பிடிக்காது என்று நினைத்தேன். பிடிக்காமல் போனால் இன்னொரு அறுவை கிடையாது. முட்டைகளை நான் நம்பவில்லை. கொஞ்சம் உதவி செய்தால் தப்பில்லை என்று தோன்றியது.

மூன்று சொட்டு.

சுத்தமான துண்டு ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று அடுத்துக் கேட்பீர்கள். இல்லை. மீதியை என் எலிகளுக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் முடிவைச் சரிபார்க்க. அதுவும் ஜெல்லோடுதான்.

வியாழக்கிழமை ரத்தாகிவிட்டது. ஆய்வகத்தில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு என்று வெண்டெலிடம் சொல்லியிருக்கிறேன்.

லா. ஹாஸ்கெட்
நகல்: இணக்கக் குழு


சாஸ்கட்டூன்
பிப்ரவரி 24

லார்ன்,

நாம் ஒரே வீட்டில் இருந்த ஒன்பது வருஷமும், நான் அடுப்பைவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் நீ என் சூப்பில் உப்புப் போட்டாய். கேட்டால் உதவி என்றாய். மணவிலக்கு மனுவில் அதை எழுத வேண்டும் என்றேன். அற்பக் காரணம் என்று வக்கீல் தடுத்துவிட்டார். இப்போது அந்த வக்கீலுக்கு உன் கடிதத்தின் பிரதி ஒன்றை அனுப்பலாமா என்று பார்க்கிறேன்.

உன் ஜெல் எதிலிருந்து வடிக்கப்படுகிறது? எலியின் கட்டியிலிருந்து. அதற்குள் இரத்தக்குழாய்களைக் கூவி அழைக்கும் சரக்கு நிறைய இருக்கிறது. என் சவ்வில் வந்து நின்ற குழாய்கள் வெண்டெலின் கட்டியைத் தேடி வந்தவை அல்ல. ஜெல்லைத் தேடி வந்தவை. மாத்திரை மருந்து நிறுத்தியதும் அந்தக் குழாய்களைத்தான். கீமோவில் அளவு குறையவில்லை என்று எழுதினேன். குறையாது. பாதி அளவு ஜெல். ஜெல்லைக் கீமோ ஒன்றும் செய்யாது. ஆக, என் முட்டைக்குள்ளும் ஒரு எலியை அனுப்பிவிட்டாய். ஒரு வாரமாக நாங்கள் பாடுபட்டு மருந்து கண்டுபிடித்தது அந்த எலிக்கு. உன் தம்பிக்கு அல்ல.

அதைக் கேட்டுவிட்டு அவன் போர்வைக்குள் இருந்து "முடி கொட்டாது" என்று சொல்லியிருக்கிறான்.

இன்னொரு துண்டு வேண்டும். டாக்டர் தெரியோவிடம் பேசினேன். தொடையில் இனி எதுவும் இல்லை. நுரையீரலில் ஊசி விட்டுத்தான் எடுக்க வேண்டும். நுரையீரல் சுருங்கிப்போகும் ஆபத்து உண்டு. மருந்தை மூன்று வாரம் தள்ளிப்போடலாம், அதற்குமேல் முடியாது என்கிறார்.

முட்டைகளை அடுக்கிவிட்டேன், காத்திருக்கும். ஆனால் அந்த ஊசி எதற்கு என்று வெண்டெலுக்குத் தெரிய வேண்டும். "தொழில்நுட்பக் கோளாறு" என்ற பெயரில் எங்கள் ஆய்வகத்தில் யாரும் வேலை செய்யவில்லை. நீ சொல்ல வேண்டும். சொன்னாய் என்று தெரிந்த பிறகுதான் முட்டையில் சன்னல் வெட்டுவேன்.

ஹலினா
நகல்: இணக்கக் குழு


ஹாலிஃபாக்ஸ்
மார்ச் 1

ஹலினா,

சொன்னேன்.

வீட்டில் சன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் தடத்தில் பனி வார வந்திருக்கும் புது ஓட்டுநர், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பனியைக் குவித்துவிட்டுப் போவதைத் திட்டிக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பின்னணி விளக்கத்தில்தான் ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அண்ணி எதுவும் போடாதேன்னு சொன்னாங்களா?"

ஆமாம் என்றேன்.

"நீ போட்டே."

ஆமாம்.

"இப்ப நெஞ்சுல ஊசி."

ஆமாம்.

வெளியே லாரி திரும்பி வந்து எங்கள் வாசலிலும் பனியைக் குவித்துவிட்டுப் போனது. அவன் அதைத் திட்டவில்லை. "நீ நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சிருப்பே. அது தெரியும். ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டிருந்தா அண்ணி சொன்னபடி செய்யின்னு சொல்லியிருப்பேன். அது என் கட்டிண்ணே. உன்னோடது இல்ல, அண்ணியோடதும் இல்ல."

இருபது ஆண்டுகளாகக் கட்டிகளோடு வேலை செய்கிறேன். கட்டிக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான் என்பது என் எந்தக் கட்டுரையிலும் இல்லை.

நேற்று ஊசி விட்டுத் துண்டு எடுத்தார்கள். நுரையீரலில் காற்றுக் கசிந்தது. விலாவில் குழாய் சொருகியிருக்கிறார்கள். மூச்சு இழுக்கும்போது அவன் முகம் போகிற போக்கைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். ஓரிரு நாளில் சரியாகும் என்கிறார் டாக்டர் தெரியோ. "ஓரிரு" என்றால் எவ்வளவு என்று கேட்டதற்கு என்னை வெளியே போகச் சொன்னார்.

துண்டு உப்புக் கரைசலில் இருக்கிறது. ஊற்றியது நர்ஸ். நான் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். நாளை நானே மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். விமான நிலையம் நேர்ச் சந்திப்பில் சேருமா என்று இணக்கக் குழுவைக் கேட்டேன். பெட்டிகள் வரும் சுழல்பட்டையின் இரு முனைகளில் நின்றுகொண்டு, பேசாமல் இருந்தால் சேராது என்று எழுத்தில் பதில் தந்திருக்கிறார்கள்.

லார்ன்
நகல்: இணக்கக் குழு


சாஸ்கட்டூன்
மார்ச் 5

லார்ன்,

நீ இளைத்திருக்கிறாய். இதைக் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுழல்பட்டையின் மறுமுனையிலிருந்து எடுத்த அளவு, அவ்வளவுதான்.

ப்ரென்னா பெட்டியை வாங்கிக்கொண்டு என் பக்கம் வந்ததும் சொன்னாள்: "உள்ள ஒண்ணும் போடலன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு. சரின்னேன். மறுபடியும் சொன்னாரு. அப்புறம் நான் நடக்க ஆரம்பிச்சதும் பின்னாலயே வந்து இன்னொரு தடவ சொன்னாரு." அடுத்த விமானத்தில் திரும்ப ஏறும்வரை நீ பட்டையின் ஓரத்திலேயே நின்றாய். வேறு யாருடைய பெட்டியோ உன் முன்னால் பல முறை சுற்றிப் போனது.

துண்டு சின்னது. ஊசியில் அவ்வளவுதான் வரும். கூட்டத்துக்கு ஒரு கைப்பிடி முட்டைகள்தான் தேறின. அவற்றிலும் ஏறக்குறைய பாதி பிடிக்கவில்லை, நழுவிவிட்டன. இரண்டு கருக்கள் செத்துவிட்டன. ஜெல் இல்லாவிட்டால் பிடிக்காது என்று நீ பயந்தது முழுக்கத் தவறில்லை. இதை ஒருமுறைதான் எழுதுவேன்.

பிடித்தவை பிடித்திருக்கின்றன. கூட்டம் ஒவ்வொன்றிலும் இன்னும் ஓரிரு முட்டை போனால் முடிவு என்று சொல்ல எதுவும் இருக்காது. அடைகாக்கும் பெட்டியை நான்தான் திறக்கிறேன், வேறு யாரும் தொடுவதில்லை. ப்ரென்னா என்னைப் பார்த்து, நான் அடையில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறாள்.

அவனுடைய குழாயை எடுத்துவிட்டார்களா?

ஹலினா
நகல்: இணக்கக் குழு


ஹாலிஃபாக்ஸ்
மார்ச் 7

ஹலினா,

எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்துவிட்டான். மாடிப்படி ஏறுகையில் நடுவில் உட்காருகிறான். உட்காரவில்லை, லேஸ் கட்டுகிறேன் என்கிறான். செருப்புப் போட்டிருக்கிறான்.

டாக்டர் தெரியோ பதினைந்தாம் தேதிக்கு மேல் காத்திருக்க மாட்டேன் என்கிறார். முட்டை ஒன்றும் சொல்லாவிட்டால் தனக்குத் தோன்றும் மருந்தைத் தொடங்குவாராம். அவருக்கு மாத்திரைதான் தோன்றுகிறது. முதல் முடிவு மனதைவிட்டுப் போகவில்லை என்றார். தவறு என்று தெரிந்த பிறகும் ஒரு நல்ல செய்தி தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது.

லார்ன்
நகல்: இணக்கக் குழு


சாஸ்கட்டூன்
மார்ச் 12

லார்ன்,

இதன் பிரதி டாக்டர் தெரியோவுக்கும் போகிறது.

மாத்திரை மருந்து: தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. வெண்டெலின் கட்டி இரத்தக்குழாய்களை அதிகம் தேடுவதே இல்லை. அடைப்பதற்கு அங்கே வழியே கிடையாது. பழைய கீமோ: பிடித்திருந்த முட்டைகள் ஒவ்வொன்றிலும் கட்டி சுருங்கியிருக்கிறது. சீவல்களையும் பார்த்துவிட்டேன். கூழ் இல்லை. செத்த செல்கள் இருக்கின்றன.

முட்டைகள் குறைவு. நான் இதைக் கட்டுரையாக அனுப்பினால் நீ சும்மா விடமாட்டாய். நானும் விடமாட்டேன். ஆனால் என் தம்பியாக இருந்தால் எதைக் கொடுப்பேன் என்று கேட்டால் பதில் தெரியும்.

அவனுக்கு முடி கொட்டும். அதை நான் சொன்னேன் என்று சொல்.

ஹலினா
நகல்: இணக்கக் குழு


ஹாலிஃபாக்ஸ்
மார்ச் 15

ஹலினா,

இன்று கீமோ தொடங்கியது. டாக்டர் தெரியோ உன் கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு நீண்ட நேரம் யோசித்தார். கடைசியில் வெண்டெலையே கேட்டார். அவன் என்னைப் பார்த்து, "இந்தத் தடவ நீ ஒண்ணும் போடலியே?" என்றான். இல்லை என்றேன். "அப்ப அண்ணி சொன்னது," என்று கையை நீட்டினான்.

இனிக் காத்திருக்க வேண்டியதுதான். அது எனக்கு வராத வேலை என்பது உனக்குத் தெரியும்.

லார்ன்
நகல்: இணக்கக் குழு


ஹாலிஃபாக்ஸ்
ஜூன் 10

ஹலினா,

நேற்று ஸ்கேன் முடிவு வந்தது. நுரையீரலில் இருந்தவை சுருங்கிவிட்டன. சில இருந்த இடமே தெரியவில்லை. குணமாகிவிட்டது என்று டாக்டர் தெரியோ சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவர் பயன்படுத்துவதில்லை. அடுத்த குளிர்காலத்தில் லாரி ஓட்டலாமா என்று வெண்டெல் கேட்டான். பார்க்கலாம் என்றார். அது அவர் வாயில் பெரிய சொல். வெண்டெலை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வாசலில் இறங்கியதும், அந்தப் புது ஓட்டுநர் இனி வேறு வேலை தேடிக்கொள்ளட்டும் என்றான்.

மூன்று மாதம் மோசமாகத்தான் இருந்தது. முடி புருவம் உட்பட போய்விட்டது. "நான் இப்ப முட்டை மாதிரியே ஆயிட்டேன், அண்ணிக்கு வசதி," என்று எல்லா நர்ஸ்களிடமும் சொல்லியிருக்கிறான். நர்ஸ்கள் அவனிடம் போலியாகச் சிரித்துவிட்டு, என்னிடம் இதன் அர்த்தம் என்ன என்று கேட்கிறார்கள்.

என் எலிகளும் ஒருவழியாகப் பதில் சொல்லிவிட்டன. சென்ற வாரம். மாத்திரை பயனில்லை, கீமோ பயனுண்டு என்கின்றன. எலியின் உடம்பில் இத்தனை மாதத்தில் ஜெல் கரைந்து போயிருந்ததாம். முழுக்க முழுக்க நம்பகமான, மறுக்க முடியாத முடிவு. மருந்து தொடங்கிப் பன்னிரண்டு வாரம் கழித்து வந்திருக்கிறது. மான்ட்ரியலில் இந்த ஆண்டும் மாநாடு இருக்கிறது. எலிகளின் முடிவையும் முட்டைகளின் முடிவையும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப்போகிறேன். அந்த மூன்று சொட்டையும். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். போன முறை சிரிக்க வைத்தவன் நான்தான்.

வெண்டெல் உன் முட்டைக்கோஸ் உருண்டையைக் கேட்கிறான். வாயில் ருசி திரும்பிவிட்டதா என்று சோதிக்க வேண்டுமாம். நான் செய்து பார்த்தேன். ருசி இன்னும் திரும்பவில்லை என்கிறான்.

லார்ன்
நகல்: வெண்டெல். எழுதுவதற்கு முன் இம்முறை அவனைக் கேட்டேன்.


சாஸ்கட்டூன்
ஜூன் 14

லார்ன்,

வெண்டெல் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டான். அவன் எந்த உடன்படிக்கையிலும் கையெழுத்திடவில்லை. நெடுநேரம் ஒன்றுமே பேசாமல் இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். நல்ல மூச்சு. ஒரே சீராக இருந்தது.

வரும் சனிக்கிழமை ஹாலிஃபாக்ஸ் வருகிறேன், அவனைப் பார்க்க. முட்டைக்கோஸ் உருண்டைகளை இங்கேயே செய்து குளிரவைத்து மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன். எதுவும் சேர்க்காமல். அவன் வீட்டுக் கதவை யார் திறக்கிறார்கள் என்பது என் கையில் இல்லை. உப்பு டப்பாவை மேசையின் நடுவில் வை. போடுவதானால் நான் பார்க்கும்போது போடு.

ஆகஸ்ட் இன்னும் வரவில்லை என்று தெரியும். இந்தக் கடிதத்துக்கு நகல் எடுக்கவில்லை. இது நேர்ச் சந்திப்பா, வேறு ஏதாவதா என்று குழு கேட்டால், எங்கள் பல்கலைக்கழக விதியை அவர்களுக்கு எழுதி அனுப்புவேன். இது என்னவென்று எனக்கே இன்னும் தெரியாது. பொரிக்காதவரை யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஹலினா